பனிக்குள் இறங்கிய போர்வெல்

இமயத்தில் ஒரு பனியாறு. அதன்மேல் இரண்டு கூடாரம். ஒன்றில் பனியாறுகளை ஆராயும் குரு தெய்வநாயகி. மற்றொன்றில் சீடர் மாசிலாமணி. சீடர் குருவைவிட நான்கு வயது மூத்தவர். திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டி வைத்திருந்தவர். மூன்று வருடம் கடிதம் எழுதிக் கெஞ்சி, சீடராகச் சேர்ந்தவர்.

குரு பனிமேல் இரும்புத் தகட்டை வைத்துச் சம்மட்டியால் ஓங்கி அடித்தார். தூரத்தில் ஊன்றியிருந்த கருவிகள் அந்த அதிர்வைக் கேட்டன.

"அதிர்வு மழுங்காம வந்திருக்கு. உள்ளே நல்ல குளிர். பத்து மீட்டர் ஆழத்துல மைனஸ் ஒன்பது டிகிரி."

"மேலே தட்டுனா உள்ளே இருக்கற குளிரு தெரியுமுங்களா?"

"சந்தேகமா?"

"துளை போடாம எதையும் நம்ப மாட்டனுங்க. ஆயிரம் அடி போட்டவன் நானு."

"போடுங்க. நான் சொன்னது தப்புன்னா மூணாம் நாள் சாமான் கொண்டு வர்ற கழுதையோட நான் இறங்கிடறேன். சரின்னா?"

"நானே இறங்கிடறனுங்க!"

துளைக்கும் இயந்திரம் இரண்டு மணி நேரம் கத்தியது. மாசிலாமணி துளைக்குள் வெப்பமானியை இறக்கினார்.

மைனஸ் இரண்டு.

மாசிலாமணி ஆடவில்லை, அவ்வளவுதான். நேராகக் குருவின் கூடாரத்துக்குப் போய், மிகுந்த மரியாதையோடு அவருடைய மூட்டையைக் கட்டினார்.

"வெப்பமானி உள்ளேயே கிடக்கட்டும். டீ போடுங்க" என்றார் குரு.

மறுநாள் காலை, மைனஸ் ஐந்து. மாசிலாமணி மெல்ல வந்து குருவின் கம்பளியை மூட்டையிலிருந்து எடுத்து வைத்தார்.

மாலை, மைனஸ் ஏழு. குருவின் செருப்பும் சோப்பு டப்பாவும் வெளியே வந்தன. மாசிலாமணி தம் சட்டைகளை மடிக்க ஆரம்பித்தார்.

மூன்றாம் நாள் கழுதை வந்து நின்றது. மைனஸ் ஒன்பது.

மாசிலாமணி பையைத் தோளில் மாட்டினார். "வரட்டுங்களா, குருவே?" அதுவரை அவர் 'மேடம்' என்றுதான் கூப்பிட்டிருந்தார்.

குரு துளைக்கும் இயந்திரத்தைக் கழுதைமேல் ஏற்றிக் கட்டினார். "இது இறங்கட்டும். நீங்க இருங்க."

கழுதை கண்ணிலிருந்து மறைந்ததும் மாசிலாமணி பையைக் கீழே வைத்தார். பிறகு கேட்டார்.

"மொத நாள் மைனஸ் ரெண்டு காட்டுச்சே, அது யாரோடதுங்க?"

"உங்க இயந்திரம் துளைச்சப்போ கிளப்பின சூடு. பனியை விசாரிக்கப் போயி, உங்க கதையை அதுகிட்ட சொல்லிட்டு வந்தீங்க. அது மறக்க மூணு நாள் ஆச்சு."