ராணி போன பிறகு

ஜெராக்ஸ் கடை மாடியில் தமயந்தி சதுரங்க வகுப்பு நடத்தினாள். அவளிடம் படித்தவர்களில் மூத்தவர் ஞானசிகாமணி. இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. அவளைவிட இருபது வயது பெரியவர்.

பஸ்ஸில் போகும்போது போனில் சதுரங்கப் புதிர்களைத் தீர்ப்பார். ஒரு புதிருக்கும் அடுத்ததற்கும் நடுவே அரசியல் பதிவுகளுக்குக் கீழே கருத்து எழுதுவார். இரண்டிலும் வேகம்.

அன்று வந்தவர் காய்களை அடுக்காமல் ஒரு சிப்பாயைக் கையிலேயே வைத்திருந்தார்.

“என்ன சார், புதிர் எல்லாம் தீர்ந்துபோச்சா?”

“நம்ம கவுன்சிலர் ஜெயசீலி தெரியுமில்ல, மேடம்? நம்ம தெருவுல தோண்டின பள்ளத்தை மூடலைன்னு, ‘கமிஷன் எவ்வளவு?’ன்னு அவங்க ஃபேஸ்புக் பக்கத்துல எழுதிட்டேன். வேற பேர்லதான்.”

“ம்.”

“மூடச் சொல்லி அந்தம்மாதான் ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சிருக்காங்க. எனக்குத் தெரியாது. காலையில டீக்கடையில, எழுதினது நான்னு தெரியாம என்கிட்டயே சொல்லி அழுதாங்க. ஸ்கூல்ல பிள்ளைங்க அவங்க பொண்ணுகிட்ட அதைப் படிச்சுக் காட்டிச் சிரிச்சாங்களாம்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

அவர் பலகையைப் பார்த்தார்.

“வேலைவெட்டி இல்லாதவனுங்க, விடுங்கம்மான்னு சொன்னேன்.”

கீழே ஜெராக்ஸ் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

“அதை அழிச்சுட்டா சரியாயிடுமா, மேடம்?”

தமயந்தி பலகையில் சில காய்களை வைத்தாள். பக்கத்தில் ஆட்டக் கடிகாரத்தையும் வைத்தாள்.

“வெள்ளை உங்களுது.”

அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. ஒரே பார்வைதான். ராணியால் சிப்பாயை வெட்டி, “செக்” என்றார்.

அவள் ராஜாவால் ராணியை வெட்டிவிட்டுக் கடிகாரத்தை அழுத்தினாள்.

அவர் அடுத்த காயைத் தேடினார். குதிரை எட்டவில்லை. யானைக்கு வழியில்லை.

“இதுல ஜெயிக்கிற வழி எங்க இருக்கு?”

“இருக்குன்னு நான் சொல்லவே இல்லையே.”

“புதிர்னு நெனச்சேன்.”

“நேத்து நான் ஆடின ஆட்டம் சார் இது.”

ராணியைத் திரும்ப எடுக்க அவர் கை நீண்டது. போனில் புதிர் தப்பானால் மறுபடி முயலலாம். தமயந்தி ராணியைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

“அப்போ தோத்துட்டேனா?”

“இன்னும் இல்ல. ராணி போயிடுச்சு, அவ்வளவுதான். ஆடுங்க.”

ஞானசிகாமணி தலை நிமிராமலே மெதுவாகக் கேட்டார்.

“நாளைக்குப் போய்ச் சொல்லலாமா, மேடம்? நான்தான் எழுதினேன்னு?”

தமயந்தி கடிகாரத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

“உங்க நேரம்தான் ஓடுது, சார்.”