ஆளில்லாத ஹாலில் ஒரு ஃபவுல்

குருவுக்கு முப்பத்தொரு வயது. சிஷ்யைக்கு நாற்பத்தைந்து. கணக்கு இடிக்கிறதே என்று நினைக்க வேண்டாம். ஸ்னூக்கர் மேசை யாரிடமும் வயது கேட்பதில்லை.

சிஷ்யை மங்கையர்க்கரசி, கோவையில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். குரு ஜெனோவா, ஒரு காலத்து மாநில சாம்பியன். இவள் அவளை மாஸ்டர் என்பாள், அவள் இவளை டீச்சர் என்பாள். பக்கத்தில் இருந்து கேட்பவர்களுக்கு யார் யாரிடம் கற்றுக்கொள்கிறார்கள் என்பதே குழம்பிவிடும்.

மங்கை இந்த ஆட்டத்துக்குள் வந்ததே ஒரு கூத்து. கிளப்பில் சீட்டாடப் போன கணவரை அழைத்து வரப் போனவள், வழியில் பச்சைத் துணி விரித்த மேசையைப் பார்த்து நின்றுவிட்டாள். ஒரு சிவப்புப் பந்து விளிம்பில் மோதி, வந்த கோணத்திலேயே திரும்பி, குழிக்குள் இறங்கியது. இத்தனை வருஷம் கரும்பலகையில் செத்துக் கிடந்த கோணம் இங்கே உயிரோடு ஓடுகிறதே என்று வாயைப் பிளந்தாள். கடைசியில் கணவர்தான் சீட்டை முடித்துவிட்டு வந்து இவளை அழைத்துப் போனார்.

அதன்பிறகு மாவட்டப் பட்டம் வாங்கினாள். மாநிலப் போட்டியில் மூன்று முறை அரையிறுதி வரை போனாள். அதைத் தாண்ட முடியவில்லை. இறுதிக்கு வரும் இரண்டு பெண்களைத்தான் தேசியப் போட்டிக்கு அனுப்புவார்கள். அவர்களுக்கு முதுகில் தமிழ்நாடு என்று எழுதிய சட்டை கொடுப்பார்கள். மங்கைக்கு அந்தச் சட்டைமேல் கொள்ளை ஆசை. அதை யாரிடமும் மறைத்ததும் இல்லை.

ஜெனோவாவை அவள் முதலில் பார்த்தது ஒரு காலை நேரத்தில். ஹாலில் வேறு ஈ காக்கை இல்லை. ஜெனோவா தனியாக ஆடிக்கொண்டிருந்தாள். திடீரென்று நிமிர்ந்து, "ஃபவுல்" என்று சத்தமாகச் சொன்னாள். போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வந்து மறுபடி ஆடினாள்.

மங்கைக்குப் பொறுக்கவில்லை. "ஏங்க, கூட யாருங்க ஆடறாங்க?"

"யாருமில்லீங்க."

"அப்புறம் யாருக்கு ஃபவுல் சொன்னீங்க?"

"எனக்குத்தான். முழங்கை நீலப் பந்துல பட்ட மாதிரி இருந்துச்சு."

"பட்டுச்சா?"

"மாதிரி இருந்துச்சுங்க."

மறை கழன்ற கேஸ் போலிருக்கிறது என்று மங்கை நினைத்தாள். அடுத்த வாரமே அவளிடம் கற்றுக்கொள்ளச் சேர்ந்துவிட்டாள்.

இந்த ஆட்டத்தில் கியூ என்கிற கோலின் நுனி வெள்ளைப் பந்தை மட்டும்தான் தொடலாம். மற்றபடி கையோ, சட்டையோ, தலைமுடியோ எந்தப் பந்தில் உரசினாலும் ஃபவுல். ஆடும் முறையும் போகும், புள்ளியும் எதிராளிக்குப் போய்விடும். நடுவர் கவனிக்காவிட்டால் ஆடுபவரே சொல்லிவிடுவது வழக்கம்.

அந்த வழக்கத்தால்தான் ஜெனோவா தேசியப் பட்டத்தை இழந்தாள் என்று கிளப் செயலாளர் கனகராஜ் சொன்னார். சொன்னதோடு விடாமல் செல்போனை எடுத்து, அந்த இறுதி ஆட்டத்தின் வீடியோவையும் காட்டினார்.

"பாருங்க மேடம். சட்டைக் கைக்கும் பந்துக்கும் நடுவுல காத்தே போகுது. இந்தப் புள்ளை பட்டுருச்சுன்னு தானாப் போயி சொல்லுது. நடுவர் கேட்டாரா? எதிராளி கேட்டாளா?"

மங்கை படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். இடைவெளி தெரிந்தது. அன்றிலிருந்து அவளுக்கு மண்டை குடைய ஆரம்பித்தது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வட்டம் வரைந்துகொண்டிருக்கும்போதுகூட அந்தச் சட்டைக் கைதான் கண்ணுக்குள் வந்து நின்றது.

ஒருநாள் கேட்டேவிட்டாள். "மாஸ்டர், அன்னிக்கு நிஜமா பட்டுச்சா, படலையா?"

ஜெனோவா கறுப்புப் பந்தை எடுத்தாள். "கையை நீட்டுங்க டீச்சர். கண்ணை மூடிக்குங்க."

மூடினாள்.

"இப்பப் பட்டுச்சா?"

"பட்டுச்சு."

"இப்ப?"

மங்கை யோசித்தாள். "பட்ட மாதிரி இருந்துச்சு."

"கண்ணைத் திறங்க."

திறந்தாள். பந்து மேசைமேல் இருந்தது.

"ரெண்டாவது தடவை பட்டுச்சா மாஸ்டர்?"

"கண்ணை மூடியிருந்தப்பத்தான் தெரிஞ்சிருக்கும். திறந்துட்டு என்னைக் கேட்டா?" என்றாள் ஜெனோவா. அவ்வளவுதான். அன்றைய பாடம் அத்தோடு முடிந்தது. மங்கை எரிச்சலோடு வீட்டுக்குப் போனாள்.

அந்த வருஷமும் அரையிறுதிக்கு வந்தாள். கிளம்பும் முன் ஜெனோவா அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"அந்தத் தாலிக்கொடியைக் கழட்டி வெச்சுட்டு ஆடலாமில்ல?"

"எங்க மாமியார் காதுக்குப் போச்சுன்னா நான் ஊர் திரும்ப முடியாதுங்க மாஸ்டர்."

"அப்ப உள்ள விட்டு ஊக்குப் போட்டுக்குங்க."

போட்டுக்கொண்டாள்.

எதிராளி நஸ்ரின், சென்னைப் பெண், மங்கையின் மாணவி வயதுதான் இருக்கும். ஆட்டம் இழுத்துக்கொண்டே போய்க் கடைசிச் சுற்றான ஃபிரேமுக்கு வந்தது. மேசையில் வெள்ளையைத் தவிர மிச்சம் இரண்டே பந்துகள். ஒன்று பிங்க், குழிக்கு எதிரே சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. இன்னொன்று கறுப்பு, மங்கை நிற்கும் பக்கம், விளிம்பை ஒட்டி. புள்ளியில் மங்கைதான் முன்னால். பிங்க்கைப் போட்டுவிட்டால் நஸ்ரினால் எட்டிப்பிடிக்கவே முடியாது. இறுதி ஆட்டம், தேசியப் போட்டி, சட்டை எல்லாம் அந்த ஒரு பந்தில் இருந்தன.

மங்கை கறுப்புக்கு மேலாகக் குனிந்தாள். ஊக்கு விட்டுக்கொண்டது தெரிந்தது. கொடி சட்டைக்கு வெளியே சரிந்தது. சட்டென்று இடது கையால் அள்ளிப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

அதற்குள் கறுப்பில் பட்ட மாதிரி இருந்தது.

கறுப்பு அசையவில்லை. நடுவர் எதிர்ப்பக்கம் நின்று பிங்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். நஸ்ரின் நாற்காலியில் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தாள், தோற்றவளாகவே. மங்கை பார்வையாளர் வரிசையில் ஜெனோவாவைத் தேடினாள். ஜெனோவா கூரையில் சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாவி, இந்த நேரத்திலா விசிறி பார்க்க வேண்டும்!

மறுபடி குனிந்து ஆடிவிடலாம். யாரும் ஒரு வார்த்தை சொல்லப்போவதில்லை.

"ஃபவுல்" என்றாள். "என் கொடி கறுப்புல பட்டுருச்சுங்க."

நடுவர் திரும்பிப் பார்த்தார். "நிச்சயமாவா மேடம்? பந்து அசையலியே?"

"பட்டுச்சுங்க."

நஸ்ரின் எழுந்து நின்றாள். "நிஜமாவாக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள். மங்கை தலையாட்டிவிட்டுப் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

கறுப்புக்கான ஏழு புள்ளி அந்தப் பக்கம் போனது. முன்னிலை கைமாறியது. நஸ்ரின் பிங்க்கைப் போட்டாள், அடுத்து கறுப்பையும் போட்டாள். ஆட்டம் முடிந்தது.

மங்கை கைகுலுக்கிவிட்டு நேரே கழிவறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதாள். சட்டைக்காக அழுதாள். நாற்பத்தைந்து வயதில் ஒரு சட்டைக்காக அழுகிறோமே என்று அதற்கும் சேர்த்து அழுதாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள்.

கனகராஜ் செல்போனோடு ஓடி வந்தார். கோவையிலிருந்து ஆட்டம் பார்க்கவே வந்திருந்தவர்.

"மேடம், நான் பக்கத்துலயே நின்னு எடுத்திருக்கறேன். இன்னும் நானே போட்டுப் பாக்கலை. பட்டுச்சா இல்லையான்னு இதுல பட்டுனு தெரிஞ்சுரும். பாருங்க, பாருங்க!"

போனை அவள் கையில் திணித்தார். திரையில் பச்சை மேசை, கறுப்புப் பந்து, குனியப் போகும் அவள். நடுவில் அமுக்கச் சொல்லும் சின்ன முக்கோணம். மங்கையின் கட்டைவிரல் அதன்மேல் வந்து நின்றது. பார்க்காமல் இருக்க முடியும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

ஜெனோவா இரண்டு டம்ளர் டீயோடு வந்து பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"மாஸ்டர்."

"சொல்லுங்க."

"உங்களோட அந்த வீடியோவுல என்ன இருக்குன்னு..." மங்கை பாதியில் நிறுத்தினாள். வேறு ஒன்று தோன்றியது. "அதை நீங்க பாத்திருக்கீங்களா?"

"இல்லீங்க."

"ஒரு தடவைகூடவா?"

"இல்லீங்க."

"கனகராஜ் சார் ஊருக்கே காட்டறாரு. உங்களுக்கு மட்டும் பாக்கணும்னு தோணலையா?"

"தோணாமயா? இன்னிக்கும் தோணுது."

"அப்புறம் ஏன் பாக்கலை?"

ஜெனோவா ஒரு டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"அன்னிக்குக் குனிஞ்சது நான்தானுங்களே டீச்சர். கேமரா குனியலையே."