பன்னிரண்டாவது குடுக்கை

மலையடிவாரக் காட்டில் முழங்கால் வலிக்கும் கரடி ஒன்று இருந்தது. தேனெடுக்க மரம் ஏற முடியாமல் போனபோது, அது தன் குகையைத் தேனீக்களுக்குக் கொடுத்துவிட்டு வெளியே பாறையோரம் படுத்துக்கொண்டது. பதிலுக்கு ஆண்டுதோறும் தேனில் ஒரு பங்கு என்று பேச்சு.

முதல் ஆண்டு ஒரு குடுக்கை தேன் வந்தது. அடுத்த ஆண்டு இரண்டு. இப்படி ஒரு தடவைகூடக் குறையாமல் பதினொன்றை எட்டிவிட்டது. காடு முழுக்கத் தேனீக்களின் இந்தப் பெருமைதான் பேச்சு. கரடியோ ஒருநாளும் குகைக்குள் எட்டிப் பார்த்ததில்லை. குடுக்கைகளை எண்ணுவதோடு சரி.

பன்னிரண்டாம் ஆண்டு மழை பொய்த்தது. கொன்றையும் வேங்கையும் சரியாகப் பூக்கவில்லை.

பக்கத்துப் பொந்தில் இருந்த உடும்பு சொன்னது: "அண்ணே, காலையில போற தேனீங்க வெறுமனே திரும்பி வருதுங்க. உங்களுக்கு மட்டும் தேன் எங்கேயிருந்து வரும்? உள்ளே போய் ஒரு வார்த்தை கேளுங்க."

"பதினோரு வருஷமா வந்தது இப்ப வராதா? எழுந்து நடக்கவே தெம்பில்லை, விடு" என்றது கரடி.

பங்கு நாளில் பன்னிரண்டு குடுக்கைகள் வந்தன. கூடவே ராணித் தேனீயும் வந்தது. அதன் சிறகுகள் தொய்ந்திருந்தன.

"ராணியம்மா, குஞ்சுகளுக்கு வச்சதும் இதுல சேர்ந்திருக்கா?" என்று உடும்புதான் கேட்டது.

"எல்லாமே அதுதான். ஒரு வருஷம் குறைச்சா காடே சிரிக்கும். எடுத்துக்குங்க, கரடியாரே. நாங்களும் ஓய்ஞ்சுபோயிட்டோம்."

உடும்பு பதறியது. "அண்ணே, இந்த வருஷம் இரண்டு போதும்னு சொல்லுங்க. மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்துடுங்க!"

கரடி எண்ணிப் பார்த்தது. பன்னிரண்டு சரியாக இருந்தது. "பேசிப் பேசி அலுக்க வைக்காதே" என்று சொல்லிவிட்டுக் குடிக்கத் தொடங்கியது. கதை சொல்லும் எனக்கு அதன்மேல் கோபம் வரவில்லை. வலிக்கிற கால் யாரையும் யோசிக்க விடாது.

தேனீக் குஞ்சுகள் பசியில் செத்தன. மிஞ்சிய தேனீக்கள் எங்கோ பறந்துபோயின.

அடுத்த ஆண்டு நல்ல மழை பெய்து காடெல்லாம் பூத்தது. அந்தப் பக்கம் ஒரு தேனீகூட வரவில்லை. கரடி முனகிக்கொண்டே ஒரு மருத மரத்தில் ஏறிப் பார்த்தது. பாதியிலேயே சறுக்கி விழுந்தது.

"எழுந்திருங்க அண்ணே" என்றது உடும்பு.

"முடியலப்பா. கொஞ்ச நேரம் இப்படியே கிடக்கிறேன்."

ஆண்டுதோறும் கூடி வரும் பங்கை எண்ணுகிறவர், அது வரவிலிருந்து வருகிறதா, கைமுதலையே கரைத்து வருகிறதா என்று ஒருமுறையாவது எழுந்துபோய்ப் பார்க்க வேண்டும்.