கனமானது முதலில்

கோமதிநாயகம் நல்ல மனுஷர்தான். அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி ஏற்றும் லாரிகள் நாற்பது வைத்திருந்தார். தன் குருவைக் கண்டால் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நிற்பார். குரு தன்னைவிடப் பத்து வயது இளையவர் என்பதை அவர் ஒருநாளும் பொருட்படுத்தியதில்லை.

அன்று நொச்சித்தீவு மொத்தமாகக் காலியாகிற நாள். சில வருடங்களில் கடல் பாதித் தீவைத் தின்றுவிட்டது. குடிதண்ணீர் ஊற்றிலும் உப்பு ஏறிவிட்டது. மிச்சமிருந்த சனம் வீட்டு வாசலைவிட்டு நகர மனமில்லாமல் அழுதுகொண்டிருந்தது. அவர்களுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லத்தான் நாயகம் குருவை அழைத்து வந்திருந்தார். கூடவே மைக் செட்டும், அதற்கென்று ஒரு ஜெனரேட்டரும் வந்திருந்தன.

"சாமி, கடல் ஏறினா யார் என்ன செய்ய முடியும்? இதுக மண்ணை விட மாட்டேங்குதுக. பற்றை எப்படி விடுறதுன்னு நீங்கதான் சொல்லித் தரணும்."

குரு மைக்கைத் தொடவே இல்லை. வாசலில் அழுதுகொண்டிருந்த பிரகாசியம்மாளின் சட்டிபானை மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு படகை நோக்கி நடந்தார். நாயகத்துக்கு முகம் சுருங்கிப்போனது.

கடைசிப் படகில் மைக் செட்டும் ஜெனரேட்டரும் ஏற்றி, ஆளும் ஏறியதும் அதன் விளிம்பு தண்ணீரைத் தொட்டது. வாடைக்காற்று வேறு எழும்பிக்கொண்டிருந்தது. இனி மூன்று நாளைக்குப் படகு வராது. கரையில் பிரகாசியம்மாளும் அவளுடைய இரண்டு பெண்பிள்ளைகளும் நின்றார்கள்.

"அந்தம்மா அடுத்த படகுல வரட்டும்," என்றார் நாயகம், படகில் உட்கார்ந்தபடி.

"மூணு நாளு உப்புத்தண்ணியவா அண்ணாச்சி பிள்ளைகளுக்குக் குடுப்பேன்?" என்றாள் பிரகாசியம்மாள்.

படகோட்டி தொம்மை கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "கனமானதுதான் மொதல்ல எறங்கணும். எங்க பாட்டன் காலத்து வழக்கம் அது. மெஷினை எறக்குங்க அண்ணாச்சி."

ஜெனரேட்டர் இறங்கியது. ஸ்பீக்கர் பெட்டிகளும் இறங்கின. படகு கொஞ்சம் எழும்பியது. பிள்ளைகள் இரண்டும் ஏறிக்கொண்டன. பிரகாசியம்மாளுக்கு இன்னும் இடமில்லை.

தொம்மை படகைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தான். அந்தப் பார்வை நாயகத்திடம் வந்து நின்றது. நாயகம் ஆள் நல்ல வாட்டசாட்டம்.

"என்னையா எறங்கச் சொல்ற? நான் உங்களுக்கு உதவி செய்ய வந்தவன்ப்பா!"

தாயைப் பார்த்து ஒரு பிள்ளை விசும்ப ஆரம்பித்தது.

நாயகம் குருவைத் தேடினார். குரு படகில் ஏறவே இல்லை. இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, படகு ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"சாமி, இது நியாயமா? நீங்களாவது சொல்லுங்க."

"படகு யாரால தாழ்ந்ததுன்னுதான் இந்த வழக்கம் கேக்குது, நாயகம். யார் உதவிக்கு வந்தாங்கன்னு கேக்கல."