பொரிக்காக மேலே போன கிளிமீன்

ஒரு தீவின் ஓரத்தில், ஆழமில்லாத கடலில், மான்கொம்புப் பவளம் ஒன்று இருந்தது. அதன் கிளைகளுக்கு நடுவே கிளி மாதிரி அலகுள்ள பச்சை என்ற கிளிமீன் குடியிருந்தது. அந்தக் கடலில் சீலா மீன்கள் உண்டு. பல்லைக் காட்டிக்கொண்டு சீலா வந்தால், பச்சை கிளைகளுக்குள் புகுந்துகொள்ளும். அந்த இடுக்கு இருக்கும்வரைதான் அதற்கு உயிர்.

இடம் கொடுத்த பவளத்துக்கு, விடிந்ததும் முதல் வேலையாகப் பாசி மேய்ந்து கொடுப்பது அங்கே வழக்கம். பாசி படர்ந்தால் பவளத்துக்கு வெயில் கிடைக்காது. மூச்சு முட்டிச் செத்துப்போகும். பச்சையும் ஒரு நாள் தவறாமல் மேய்ந்து வந்தது.

வாரத்துக்கு ஒரு முறை, அடியில் கண்ணாடி பதித்த படகு வரும். மனிதர்கள் குனிந்து பார்த்து, வாய்பிளந்து, அப்படியே திரும்பிப் போவார்கள். பவளத்துக்கு அதில் ரொம்பப் பெருமை.

ஒரு நாள் படகிலிருந்து யாரோ ஒரு கைப்பிடி பொரியை வீசினார்கள். பச்சை மேலே போய்க் கவ்வியது. கல்லைச் சுரண்டாமல், அலகு தேயாமல் சாப்பாடு! அப்புறம் அதைக் கீழே பிடித்து நிறுத்த முடியுமா? அதே பவளத்தில் குடியிருந்த மற்ற மீன்களும் மேய்ச்சலை விட்டுச் சேர்ந்துகொண்டன. அவை மொய்ப்பதைப் பார்க்கப் படகு தினம் நாலு தடவை வந்தது. தின்றது போக மிஞ்சின பொரி ஊறி இறங்கி, பாசிக்கு எருவானது.

"பச்ச, ரெண்டு வாய் மேஞ்சிட்டுப் போ. எனக்கு மூச்சு முட்டுது," என்றது பவளம்.

"வந்தவங்களக் காக்க வைக்கலாமாக்கா? உன்னப் பாக்கத்தானே வர்றாங்க."

"வரட்டும், ஆசை தீரப் பாக்கட்டும். நான் வேணாம்னா சொல்றேன்? அவங்க பாக்குறதுக்கு நான் இருக்கணும்ல?"

நாளைக்கு மேய்கிறேன் என்றது பச்சை. பத்து நாள் கழித்துக் கேட்டபோதும் அதையே சொன்னது. பிறகு பவளம் கேட்பதை நிறுத்திவிட்டது. வெட்கக்கேடு, அது பேசாமல் இருந்தது பச்சைக்கு வசதியாகக்கூட இருந்தது.

மழைக்காலம் முடிந்து ஒரு சாயங்காலம் சீலா வந்தது. பொரி தின்று கொழுத்த பச்சை, தட்டுத்தடுமாறி இடுக்குக்குள் பாய்ந்தது.

"அக்கா, என்னக் காப்பாத்து!"

பவளம் எப்போதோ செத்திருந்தது. பாசிக்கு அடியில் கிளைகள் உளுத்துக் கிடந்தன. சீலா ஒரே ஒரு முட்டு முட்டியது. கிளைகள் பொலபொலவென்று உதிர்ந்தன. பச்சைக்கு ஒளிய இடமில்லை.

மற்ற மீன்களுக்கும் இல்லை. சீலாக் கூட்டம் அந்த வாரத்துக்குள் அவற்றைத் தின்று தீர்த்தது.

அடுத்த முறை படகு வந்தபோது, ஒரு சிறுமி பொரியை வீசிவிட்டுக் காத்திருந்தாள். ஒன்றும் மேலே வரவில்லை. கண்ணாடிக்குக் கீழே பாசி மட்டும் ஆடியது. படகுக்காரர் அடுத்த தீவுப் பக்கம் படகைத் திருப்பினார்.

வருகிற விருந்தினரை வரவேற்கலாம். ஆனால் நம்மைக் காக்கும் வீட்டைக் காக்கிற வேலையை, அவர்களுக்காகக்கூட ஒரு நாளும் விடக்கூடாது.