திறக்காத பெட்டிக்குள் கழன்ற வயர்

தென்காசியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை ஒன்றில் குற்றாலிங்கம்தான் மூத்த மெக்கானிக். புதிதாகச் சேர்ந்த எஸ்தரைத் தேடியே ஆட்கள் வர ஆரம்பித்ததும் அவருக்கு வயிறு எரிந்தது.

ஒரு போட்டோ ஸ்டுடியோவின் கம்ப்யூட்டரை எஸ்தர் சரிசெய்து மூடி வைத்திருந்தாள். மறுநாள் ஸ்டுடியோக்காரர் வந்து போட்டுப் பார்த்தால், ஹார்ட் டிஸ்க்கே இல்லை என்றது திரை. ஒரு கல்யாணத்தின் படங்கள் அத்தனையும் அதற்குள்தான் இருந்தன. மனிதர் அழாத குறை.

"டிஸ்க்கைக் கொன்னுட்டா முதலாளி, வேலையை விட்டு அனுப்புங்க," என்றார் குற்றாலிங்கம். எஸ்தர் ஸ்குரூ டிரைவரை எடுத்ததும் குறுக்கே வந்து நின்றார். "பெரிய கெட்டிக்காரியாச்சே! பெட்டியைத் திறக்காமலே என்ன கோளாறுன்னு சொல்லு பார்ப்போம்."

எஸ்தர் பெட்டியில் காதை வைத்தாள். உள்ளே டிஸ்க் சுற்றும் சத்தம் நன்றாகவே கேட்டது; அதற்குக் கரண்ட் ஒழுங்காகப் போய்க்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு, "டிஸ்க்குக்குப் போற கரண்ட் வயர் கழன்றிருக்குண்ணே," என்றாள்.

குற்றாலிங்கம் விழுந்து விழுந்து சிரித்தார். "இவ லட்சணத்தைப் பார்த்தீங்களா முதலாளி! கரண்ட் வயர் கெட்டியாத்தான் இருக்கு. கழன்று கிடக்கிறது டேட்டா வயர்!"

"திறக்காத பெட்டிக்குள்ள இருக்கிறது உங்களுக்கு எப்படிண்ணே தெரிஞ்சுது?"

சிரிப்பு பாதியில் நின்றது. முதலாளி எஸ்தரிடமிருந்து ஸ்குரூ டிரைவரை வாங்கிக் குற்றாலிங்கத்திடம் நீட்டினார்.

"கழட்டின கையே மாட்டட்டும்யா."