இடது கதவின் பள்ளம்

"கார்க் கதவுல பள்ளம் போக மாட்டேங்குதுங்க மாஸ்டர்," என்றார் மருதாசலம்.

ஜைத்தூன் நிமிரவில்லை. ஒரு வேனின் மட்கார்டைக் கட்டையில் சாய்த்துத் தட்டிக்கொண்டிருந்தார்.

உக்கடத்தில் அந்த டிங்கர் பட்டறையை அவர் நடத்தத் தொடங்கிப் பதினாறு வருஷம் ஆகிறது. மருதாசலத்தைவிடப் பதினேழு வயது சின்னவர். மில்லில் நூற்றைம்பது பேரை வேலை வாங்கிவிட்டு ஓய்வு பெற்ற மருதாசலம், ஊரில் இவர் ஒருவரைத்தான் மாஸ்டர் என்று கூப்பிட்டார்.

"எத்தன தடவை தேய்ச்சீங்ணா?"

"ஏழு தடவை. பட்டி வெச்சு, காயவிட்டு, கறுப்புத் தூள் தூவித் தேய்ச்சேன். சுத்தி எல்லாம் வெளுத்துருது. நடுவுல மட்டும் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு அப்படியே நிக்குது."

பள்ளத்தை நிரப்பப் பூசும் பட்டி காய்ந்த பின், உப்புத்தாள் பட்ட இடத்தில் கறுப்பு போய்விடும். அது எட்டாத பள்ளத்தில் தங்கிவிடும். பள்ளம் எங்கே என்று டிங்கர்காரர்கள் கண்டுபிடிப்பது அப்படித்தான்.

"கறுப்பு நிக்கற எடத்துல என்ன பண்றீங்க?"

"தாளைச் சின்னதா மடிச்சு, விரலை வெச்சு அழுத்தி, அங்கயே தேய்க்கிறேன்."

"போகுதுங்களா?"

"போகுதுங்க. மறுபடி தூவினா மறுபடி நிக்குது. முன்னைவிடப் பெருசா."

"பள்ளத்தைத் தொடாதீங்க."

"தொடாம எப்படிங்க போகும்?"

ஜைத்தூன் மட்கார்டைத் திருப்பிப் போட்டார். தட்ட ஆரம்பித்தார்.

மருதாசலம் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு வீட்டுக்குப் போனார்.

*

அது ஒரு ரேஸ் கார். இரண்டே கதவு. உயரம் மருதாசலத்தின் இடுப்புக்குக்கூட வராது.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு தோட்டத்துக் கொட்டகையில் கிடந்ததை வாங்கி வந்தார். அப்போது அதன் சீட்டில் கோழி முட்டையிட்டிருந்தது. துருப்பிடித்த தகட்டை அறுத்து வேறு தகடு வைத்தார். மட்கார்டுகளை அகலமாக்கினார். பின்னால் ஃபைபரில் ஒரு இறக்கை செய்து மாட்டினார். எல்லாம் வீட்டு போர்டிகோவிலேயே. வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பைத் தெருவில்தான் விடவேண்டும்.

மே மாதம் மகள் லோசனி அந்தக் காரைக் கேட்காமல் எடுத்துப் போனாள். பேரூர் தாண்டி ஒரு புளியமரத்தில் இடது கதவை இடித்துவிட்டாள்.

அன்றிலிருந்து மருதாசலம் வந்தவர் போனவர் எல்லோருக்கும் அந்தப் பள்ளத்தைக் காட்டினார். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவருக்குக்கூடக் காட்டினார்.

"எம் பொண்ணு பண்ணின வேலை, பாருங்க."

லோசனி சாப்பிட உட்கார்ந்தால் பள்ளத்தைப் பற்றிப் பேச்சு. வேலைக்குக் கிளம்பினால் பள்ளத்தைப் பற்றிப் பேச்சு. ஒரு மாதம் பொறுத்தாள். பிறகு ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு, தான் வேலை பார்க்கும் கல்லூரியின் விடுதிக்குப் போய்விட்டாள். அதன் பிறகு அப்பாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்போது பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டது. மீதிச் சாமான்களை எடுக்க ஞாயிற்றுக்கிழமை டெம்போவோடு வருவதாக அம்மாவுக்குப் போன் செய்திருந்தாள். இனி இந்த வீட்டில் அவளுடையது என்று ஒரு துணிகூட இருக்காது.

அதற்குள் பள்ளம் போய்விட வேண்டும். இடித்த இடமே தெரியாத கதவைப் பார்த்தால் மகள் பேசிவிடுவாள் என்று மருதாசலம் நம்பினார். அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

"இப்படித் தடவிட்டே இருங்க," என்றார் மனைவி பூங்கோதை. "அந்தக் கதவு கூச்சப்பட்டு எந்திரிச்சு ஓடப்போகுது."

*

வெள்ளிக்கிழமை பட்டறைக்கு அரை நாள் லீவு. ஜைத்தூன் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். கதவைப் பார்க்கவில்லை. பையிலிருந்து ஒரு பழைய பனியன் துணியை எடுத்துக் கொடுத்தார்.

"இதக் கைக்கு அடியில வெச்சுக்கங்க. கண்ண மூடுங்க. இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் தடவுங்க."

மருதாசலம் தடவினார்.

"பள்ளம் வந்துருச்சுங்க."

"அதுக்கு முன்னாடி என்ன வந்துது?"

"ஒண்ணும் வரலியே."

"மறுபடியும்."

மூன்று தடவை அதே பதில். நான்காவது தடவை கை பாதியில் நின்றது.

"மேடு மாதிரி ஏதோ ஏறுது."

"அப்புறம்?"

"பள்ளம். அதத் தாண்டி மறுபடி மேடு."

"சுத்தி வாங்க."

சுற்றி வந்தார். சாப்பாட்டுத் தட்டின் விளிம்பு மாதிரி, பள்ளத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் மேடு இருந்தது.

"மரத்துல இடிச்சா தகடு உள்ளதானுங்ணா போகும்? இந்த மேடு எப்படி வந்துச்சு?"

மருதாசலம் கண்ணைத் திறக்கவில்லை.

"வண்டி வீட்டுக்கு வந்த மறுநா காலையில, உள்ள இருந்து சுத்தியல்ல அடிச்சேன்."

"எத்தன அடி?"

"எண்ணலைங்க. கோவத்துல இருந்தேன்."

"தெருவே வந்து எட்டிப் பார்த்துதுங்க," என்றார் டீ கொண்டுவந்த பூங்கோதை.

"அதுக்கு மேல பட்டி பூசிட்டீங்க."

"ஆமாங்க."

ஜைத்தூன் உளியால் பட்டியைப் பெயர்த்தார். ஏழு தடவை பூசிய பட்டி விரல் கனத்துக்கு, ஓடு உடைவது போல உடைந்து விழுந்தது. தகடு தெரிந்ததும் ஒரு சின்னச் சுத்தியலை மருதாசலத்தின் கையில் கொடுத்தார்.

"மேட்டை மட்டும் தட்டுங்க. அடுத்த வீட்டுக்குச் சத்தம் கேக்கக் கூடாது."

மருதாசலம் தட்டினார். ஜைத்தூன் டீயை ஆற்றிக் குடித்தார். பூங்கோதையின் பல்வலியைப் பற்றி விசாரித்தார். கொஞ்சம் பொறுத்து, சும்மா கேட்பது போலக் கேட்டார்.

"இடிச்ச அன்னிக்கு நீங்க போறப்போ பாப்பா எங்க இருந்தாங்க?"

"மரத்துக்குக் கீழ ஒரு கல்லு மேல உக்காந்திருந்தா."

"நீங்க?"

"நான் நேராப் போயி..." என்றார் மருதாசலம்.

சுத்தியல் நின்றுவிட்டது.

"தட்டுங்க," என்றார் ஜைத்தூன்.

சாயங்காலம் கை வைத்துப் பார்த்தபோது பள்ளம் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத்தான் இருந்தது. மெல்லிசாக ஒரு பூச்சு பட்டி வைத்துவிட்டு, முழ நீளத்துக்கு ஒரு மரக்கட்டையில் உப்புத்தாளைச் சுற்றிக் கொடுத்தார் ஜைத்தூன்.

"நாளைக்கு இதால கதவு முழுக்கத் தேய்க்கணும். கறுப்பு எங்க நின்னாலும் அங்க விரல் போகக் கூடாது."

*

சனிக்கிழமை மருதாசலம் தேய்த்தார்.

மதியம் வரைக்கும் நடுவில் கறுப்பு நின்றது. விரல் தானாக அங்கே போனது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் போர்டிகோவில் நடந்தார். பிறகு மறுபடியும் கட்டையை எடுத்தார்.

நாலு மணிக்குக் கறுப்பைக் காணோம். எந்த இழுப்பில் போனது என்று அவருக்கே தெரியவில்லை. பிரைமர் அடித்துவிட்டுப் போனை எடுத்தார்.

"மாஸ்டர், பள்ளத்தைத் தொடவே இல்லைங்க. போயிருச்சு!"

"சரிங்ணா."

"அது எப்படிங்க போச்சு?"

"நீங்க எதைத் தேய்ச்சீங்க?"

"சுத்தி இருந்ததைத்தான்."

"அந்த மேட்டை எழுப்பினது யாரு?"

மருதாசலம் வாயைத் திறப்பதற்குள் ஜைத்தூன் போனை வைத்துவிட்டார்.

*

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு டெம்போ வந்தது.

லோசனி புத்தகக் கட்டுகளை ஏற்றினாள். தையல் மிஷினை டிரைவரும் பூங்கோதையுமாகத் தூக்கி வைத்தார்கள். மருதாசலம் காருக்குப் பக்கத்தில் நின்றார். பேச வேண்டியதை ஐந்தாறு வாக்கியமாக மனசில் தயார் செய்து வைத்திருந்தார். எல்லாமே கதவைப் பற்றியவை.

கடைசிப் பெட்டியோடு வெளியே வந்தவள் இடது கதவைப் பார்த்து நின்றாள். சாம்பல் நிறப் பிரைமரில் கதவு ஒரே மட்டமாக இருந்தது.

"போயிருச்சு போல," என்றாள்.

அவரிடம் சொன்னாளா, கதவிடம் சொன்னாளா என்று தெரியவில்லை.

மருதாசலம் கதவை விட்டு ஒரு எட்டு முன்னால் வந்தார்.

"அன்னிக்கு நீ கல்லு மேல உக்காந்திருந்தது தெரிஞ்சுது கண்ணு," என்றார். "பார்த்துட்டுத்தான் உன்னத் தாண்டிக் கதவுகிட்டப் போனேன்."

டெம்போக்காரர் ஹாரன் அடித்தார்.

லோசனி பெட்டியைக் காரின் பானெட் மேல் வைத்தாள். பெட்டியின் அடியில் இரும்புக் குமிழ்கள் இருந்தன. பெயிண்ட்டில் அவை கீறும் சத்தம் மூன்று பேருக்கும் கேட்டது.

மருதாசலம் பெட்டியைப் பார்க்கவில்லை.

"அன்னிக்கு அடிபட்ட கை இன்னும் முழுசா மடங்கறதில்லப்பா," என்றாள்.

"எந்தக் கை?" என்று கேட்டார் மருதாசலம்.